கூப்பிடலைன்னா நல்ல சேதி

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

ஃப்ரீசர் சாவியா? எங்கிட்டதான் இருக்கு. ஆறு வருசமா எங்கிட்டதான் இருக்கு. கரன்ட் போனா ஜெனரேட்டர் ஓடுதான்னு பாக்க நான்தான் ஓடியாருவேன். ஞாயித்துக்கிழமைன்னு கிடையாது, தீபாவளின்னு கிடையாது. மைனஸ் எண்பது டிகிரி. உள்ள ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் டியூப் இருக்கு. எல்லாம் சங்கிலிக்குளத்து ஆளுக ரத்தம், அப்புறம் அதைச் சுத்தி நாலு ஊரு. ஒண்ணுகூட உருகலை. அதை எழுதிக்கிடுங்க மொதல்ல.

சாவி தாரேன். ரெஜிஸ்டரும் தாரேன். அதுக்கு முன்னால ஒரு விசயம் சொல்லணும். நீங்க சென்னையில இருந்து அனுப்பின மெயிலை நாலு தடவை படிச்சேன். அந்தப் பழைய ரத்தத்தை எடுத்து உங்க புது டெஸ்ட்டைப் போட்டுப் பாக்கப் போறீங்க. உசுரோட இருக்கிற ஆளுககிட்ட மறுபடி ரத்தம் எடுத்து, ரெண்டும் ஒரே ஆளோடதுதானான்னு மரபணுவை வச்சுச் சரிபாப்பீங்க. மூணாவது பாராவுல எழுதியிருந்தீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு இதைச் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. எப்பவோ சொல்லணும்னுதான் இருந்தேன். நாளு அமையலை.

எனக்கு இந்த வேலை இருபத்திரெண்டு வருசம். நரம்பே தெரியாத ஆளுகளை மத்த லேப்ல இருந்துகூட எங்கிட்ட அனுப்புவாங்க. சண்பகவல்லி குத்தினா வலிக்காதும்பாங்க. இந்தக் கையில ஒரு டியூப் மாறினது கிடையாது. நல்லாக் கேளுங்க, டியூப் மாறினது கிடையாது. மாறினது வேற.

இமானுவேல் துரைராஜ் டாக்டரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த ஆராய்ச்சியை ஆரம்பிச்சவர் அவர்தான். இப்ப ரிட்டயர் ஆகி நாசரேத்துல இருக்காவ. நெஞ்சு டாக்டர். அவரு எங்களை உக்கார வச்சுச் சொன்னாவ, "நம்ம ஊருல நுரையீரல் கேன்சர் எப்பம்மா தெரியுது? சளியில ரத்தம் வந்த பொறவு. அப்ப வந்து நிக்கிறவனுக்கு நான் கையைப் பிடிச்சு ஆறுதல்தான் சொல்ல முடியும். கட்டி மொளகு அளவு இருக்கும்போதே அதுல இருந்து துணுக்கு துணுக்கா உதிந்து ரத்தத்துல கலக்கும். அந்தத் துணுக்கைப் பிடிச்சிட்டோம்னா ஆளைக் காப்பாத்திரலாம்"னாவ. உங்களுக்குத் தெரியாததா? ஆனா எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாவ. எனக்கு அன்னைக்கி உடம்பே சிலுத்துட்டு. சும்மா சுகர், கொழுப்புன்னு எடுத்துக்கிட்டிருந்த கைக்கு இப்படி ஒரு வேலை.

சங்கிலிக்குளத்தை ஏன் பிடிச்சோம்னா, அங்க ஆம்பளைகள்ல பாதிப் பேரு கல் கிரஷர்ல தூசியைத் தின்னவங்க, மீதிப் பேரு பீடி குடிக்கிறவங்க. ரெண்டும் செய்யுதவங்கதான் நெறைய. ஐம்பது வயசுக்கு மேல உள்ளவங்களா எடுத்தோம். நெஞ்சுல ஒரு தொந்தரவும் இல்லாதவங்களா எடுத்தோம். ஊரு லேசுல மசியலை. ரத்தத்தை வித்துருவோம்னு பேச்சு. ஒருத்தன் எங்கிட்டயே கேட்டான், "ஒரு டியூப் என்ன விலைக்குப் போவுது?"ன்னு. நான் ஒவ்வொரு வீடா ஏறி எறங்கினேன். மகளிர் குழுத் தலைவி மாரிக்கனின்னு ஒரு பிள்ளை கூட வந்தா. அவதான் எனக்கு ஊருல ஒரு பேரு வச்சிருக்காங்கன்னு சொன்னா. கொசுவாம். "எக்கா, கொசு வருதுன்னுதான் ஓடுதாங்க"ன்னு சிரிக்கா. சிரிக்கட்டும், என்ன செய்ய.

முகாம்ல எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான். "முடிவு எப்பச் சொல்லுவிய?" அதுக்கு டாக்டர் ஒரு தாள்ல எழுதித் தந்திருந்தாவ. இந்தச் சோதனை சரியா வேலை செய்யுதான்னே இன்னும் தெரியாது, அதைத் தெரிஞ்சுக்கிடத்தான் ரத்தம் எடுக்கோம், சந்தேகம் இருந்தா கூப்பிட்டு ஸ்கேன் எடுப்போம், கூப்பிடாட்டாலும் நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல, இருமல் விடலைன்னா ஆஸ்பத்திரிக்கு வந்திரணும். இவ்வளவும் சொல்லணும். மொத முப்பது நாப்பது பேருக்குச் சொல்லத்தான் செஞ்சேன். பாதியிலயே எந்திச்சுப் போயிருதாங்க மேடம். "அப்ப எதுக்கு எடுக்கீங்க?"ங்காங்க. பங்குனி வெயிலு வேற. அப்புறம் நான் சுருக்கிட்டேன். "கூப்பிட்டா வாங்க. கூப்பிடலைன்னா நல்ல சேதின்னு வச்சுக்கிடுங்க." அதைச் சொன்னதும் முகம் தெளிஞ்சிரும், கையை நீட்டிருவாங்க. ஆயிரத்து இருநூறு பேரு வந்தாங்கன்னா அந்த ஒரு வரியாலதான் வந்தாங்க. டாக்டரே, "எப்படிம்மா இத்தனை பேரைக் கூட்டினே?"ன்னு பாராட்டினாவ.

சரி, பேரு விசயத்துக்கு வாரேன்.

மாரிக்கனி படிவம் எழுதுவா, நான் ரத்தம் எடுத்து டியூப்ல நம்பர் ஒட்டுவேன். டியூப்ல பேரு கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் எந்த ஆளுன்னு படிவத்துலயும் ரெஜிஸ்டர்லயும் மட்டும் இருக்கும், ரெண்டும் எங்கிட்ட மட்டும் இருக்கும். சாயங்காலம் படிவத்தைப் பாத்து நான் ரெஜிஸ்டர்ல ஏத்துவேன். வடக்குத் தெரு முகாம் அன்னைக்கி ஏத்த உக்காந்தா, இந்த மாரிக்கனி என்ன செஞ்சிருக்கா தெரியுமா? ஒவ்வொரு பேருக்கு முன்னாலயும் பட்டப்பேரை எழுதி வச்சிருக்கா. எலிவாலு மாடசாமி. ஓட்டை இசக்கி. மூக்குறிஞ்சி சுடலைமுத்து. எனக்கு வந்துச்சே கோவம். இது ஆராய்ச்சிப் படிவம், டாக்டர்மாரு பாக்குத படிவம். ஒரு மனுசனை மூக்குறிஞ்சின்னா எழுதுவா?

எங்க அப்பா கம்பு ஊணி நடப்பாவ. ஊருல அவருக்குப் பேரு மூணுகாலு. நான் அஞ்சாங்கிளாஸ் சேரப் போனப்ப ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால, "நீ மூணுகாலு மகளா?"ன்னு கேட்டாரு. அன்னைக்கி நான் தலையைக் குனிஞ்சது இன்னைக்கும் கழுத்துல வலிக்கு. அதான் மேடம். ஒயிட்னரை எடுத்து அத்தனை பட்டப்பேரையும் அழிச்சேன். படிவத்துல ஒயிட்னர் போடக் கூடாது, ஒத்தைக் கோடு அடிச்சுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும், எனக்குத் தெரியும். கோடு அடிச்சா அடியில எழுத்துத் தெரியும்லா. அந்தப் பேரு தெரியவே கூடாதுன்னு நெனைச்சேன். மரியாதைக்குத்தான் செஞ்சேன். அவங்க மரியாதைக்கு.

அழிச்சு முடிச்சப்ப, நாநூத்திப் பன்னெண்டு, பே. சுடலைமுத்து, ஐம்பத்தேழு வயசு, வடக்குத் தெரு, கிரஷர், பீடி உண்டு. நாநூத்தி முப்பத்தொண்ணு, பே. சுடலைமுத்து, ஐம்பத்தேழு வயசு, வடக்குத் தெரு, கிரஷர், பீடி உண்டு. ஒண்ணு மூக்குறிஞ்சி. இன்னொருத்தரு கிரஷர்ல பதினஞ்சு வருசம் வெல்டிங் பாத்துட்டு ரோட்டோரத்துல சொந்தமாப் பட்டறை போட்டவரு, அவரு பட்டறை சுடலைமுத்து. ரெண்டு பேரும் போன் நம்பர்னு குடுத்தது மாரிக்கனி நம்பரு. ரெண்டு பேரு அப்பாவும் பேச்சிமுத்து. அன்னைக்கி எனக்கு அது கண்ணுல படலை. ஒரு நாளைக்கி எண்பது பேரு.

ஆடி மாசம், ரத்தத்தைச் சோதிச்ச பெங்களூரு லேப்ல இருந்து பட்டியல் வந்துச்சு. ஒன்பது நம்பர். ஒன்பது பேரு ரத்தத்துல சந்தேகம். டாக்டர் முகம் அன்னைக்கி எப்படி இருந்துச்சுங்கீங்க! ஒரு பக்கம் ஐயோ ஒன்பது பேரான்னு, ஒரு பக்கம் டெஸ்ட்டு பேசுது பாத்தியான்னு. "சண்பகம், ஒன்பது பேரையும் ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்திரு. பயமுறுத்தாமக் கூட்டிட்டு வா"ன்னாவ. நாநூத்திப் பன்னெண்டு அதுல ஒண்ணு.

போனேன். டீக்கடையில, "பேச்சிமுத்து மகன் சுடலைமுத்து வீடு எது?"ன்னேன். கடைக்காரரு, "எந்தச் சுடலைமுத்து? மூக்குறிஞ்சியா, பட்டறையா?"ன்னாரு. "பட்டப்பேரெல்லாம் எனக்குத் தெரியாது, அப்பா பேரு பேச்சிமுத்து"ன்னேன். "எங்க ஊருல தடுக்கி விழுந்தா ஒரு பேச்சிமுத்து மேலதான் விழணும்"னு சொல்லிச் சிரிக்காரு. கடையே சிரிக்கு. எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

மூக்குறிஞ்சி அப்பத்தான் அந்த வழியாப் போறாரு. தோள்ல ஒரு பனந்தடி. சும்மா இரும்பு மாரி ஆளு. "என்ன மேடம், மறுபடியும் குத்த வந்துட்டேளா?"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. அந்தாண்ட பட்டறையில இன்னொருத்தரு குனிஞ்சு நின்னு இருமிக்கிட்டு நிக்காரு. ஒடிஞ்சு விழுந்திருவாரு போல. பாத்தேன். எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுது மேடம், இவருதான்னு. இருபத்திரெண்டு வருச அனுபவம்லா. அப்பம் பதினாறு வருசம்.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் ரத்தமே எடுத்தோம். நான் கண்ணால பாத்து ஆளைப் பிடிச்சுட்டேன்.

ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போயிருக்கலாம். ஒன்பது பேருக்குப் பத்துப் பேரை எதுக்குக் கூட்டியாந்தேன்னு டாக்டர் கேட்டா, பேரை அழிச்சுட்டேன்னு சொல்லணும். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளு வேற அலமாரியில இருந்துச்சு, அதை எடுத்துப் பாத்திருக்கலாம். பாக்கலை.

பட்டறைக்கு ஸ்கேன் எடுத்தோம். நெஞ்சு சுத்தம். ரெஜிஸ்டர்ல நாநூத்திப் பன்னெண்டுக்கு நேரா அதையே ஏத்தினேன். புகை மண்டின சாதாரண இருமல்தான். டாக்டர் அவரு முதுகைத் தட்டி, "பீடியை விட்டீர்னா தொண்ணூறு வயசு கியாரண்டி"ன்னாவ. அந்த மனுசன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. ஒரு வாரமாச் சாவுக்குத் தயாரா இருந்திருக்காரு பாவம். பீடியை அன்னைக்கே விட்டாரு. எங்க வீட்டுக்கு வந்து வாசலை அளவெடுத்து, காசு வாங்காம இரும்புக் கேட்டு செஞ்சு மாட்டிட்டுப் போனாரு. சண்பகவல்லின்னு கம்பியை வளைச்சு எழுத்து வேற. தினமும் அதைத் தொறந்துதான் மேடம் வேலைக்கு வாரேன்.

புரட்டாசியில படிவத்தை எல்லாம் அடுக்கிக் கட்டுதப்ப நாநூத்திப் பன்னெண்டு கீழ விழுந்துது. தலைகீழா விழுந்துது. மாரிக்கனி அழுத்தி எழுதுத ஆளு, பேனா தாளோட பின்பக்கம் புடைச்சிருக்கும். தடவினேன். எழுத்து திரும்பி இருக்கு, ஆனாப் படிக்கலாம். மூக்குறிஞ்சி.

நான் உக்காந்துட்டேன். நாநூத்தி முப்பத்தொண்ணை எடுத்துப் பின்னால தடவினேன். பட்டறை. மூணு தடவை தடவினேன் மேடம். எழுத்து மாறலை.

அந்த வாரம்தான் வெளிய இருந்து தணிக்கைக்கு ரெண்டு பேரு வந்திருந்தாங்க, நாம முறையாச் செய்யுதோமான்னு பாக்க. ஒயிட்னர் போட்ட படிவத்தை அவங்க பாத்தா எண்பது படிவத்தையும் தள்ளிருவாங்க, முகாமுக்கு முன்னால இருந்தே டாக்டர் பட்ட ஏழு வருச உழைப்பு. தணிக்கை முடியட்டும், சொல்லுவோம்னு இருந்தேன். தணிக்கைக்காரங்க அந்தப் படிவக் கட்டை அவுக்காம ரெஜிஸ்டரை மட்டும் பாத்து, "இவ்வளவு சுத்தமான ரெஜிஸ்டர் பாத்ததில்லை"ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. அந்தத் தாளை டாக்டர் ஃபிரேம் போட்டு மாட்டினாவ. அதுக்குப் பொறவு எப்படிச் சொல்ல?

நான் சும்மா இருக்கலை. நல்லாக் கேட்டுக்கிடுங்க, நான் சும்மா இருக்கலை. பஸ் ஏறி மூக்குறிஞ்சி வீட்டுக்கே போனேன். அவரு முற்றத்துல பீடி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு வீட்டுக்காரி முப்பிடாதி அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தா. "அண்ணாச்சி, சும்மா ஒரு தடவை வந்து ஸ்கேன் எடுத்துக்கிடுங்களேன்"னேன். "எதுக்கு மேடம்? நீங்கதானச் சொன்னிய, கூப்பிடலைன்னா நல்ல சேதின்னு. பட்டறைக்காரனுக்குத்தான் சந்தேகம்னிய, அவனுக்கே ஒண்ணும் இல்லையாம். நான் நிம்மதியாக் குடிக்கேன்"னு பொகையை விட்டாரு. முப்பிடாதி அக்கா மட்டும் என் முகத்தைப் பாத்தா. "ஏன் மேடம், இவருக்கு ஏதும் இருக்கா?"ன்னு கேட்டா.

நேராக் கேட்டா மேடம். அந்த ஒரு கேள்விதான். "ஆமாக்கா"ன்னு ஒரு வார்த்தை.

"சேச்சே, ஒண்ணுமில்லக்கா. வயசாகுதுல்லா, அதான் சும்மா"ன்னேன். காப்பியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அடுத்த ஆடியில வந்தாரு. சளியில ரத்தம். அந்த இரும்பு உடம்பு பாதியாப் போயிருந்துச்சு. ரத்தம் எடுக்க எங்கிட்டதான் அனுப்பினாங்க. கையை நீட்டிட்டு அடுத்தவங்ககிட்ட, "இந்த மேடம்தான் வீடு தேடி வந்து சொன்னாவ, நான்தான் கேக்கலை"ன்னு சொல்லுதாரு. நர்ஸுப் பிள்ளைகள்லாம் என்னை மெச்சுதாங்க. என் வாழ்க்கையில மொதல் தடவையா அன்னைக்கி நரம்பு கிடைக்கலை. மூணு குத்துக் குத்தினேன். "பரவாயில்ல தாயி, மெதுவாக் குத்துங்க"ன்னாரு. அய்ப்பசியில போயிட்டாரு.

அவரு செத்த பொறவு டாக்டர் என்னைக் கூப்பிட்டாவ. மேசை மேல ரெண்டு தாளு. "சண்பகம், இங்க பாரு. நோய் இல்லாத சுடலைமுத்துக்கு டெஸ்ட்டு இருக்குன்னு சொல்லுது. நோய் இருந்த சுடலைமுத்துக்கு இல்லைன்னு சொல்லுது. ஒரே பேரு. ரெண்டும் மாறியிருக்குமா?"ன்னாவ. கண்டுபிடிச்சிட்டாவ மேடம்! வாசல் வரைக்கும் வந்துட்டாவ. நான் என்ன சொல்லியிருக்கணும்?

"என் கையில மாறாது சார்"ன்னேன்.

அவ்வளவுதான். "ஆமா, உன் கையில மாறாது"ன்னு சொல்லிட்டு ரெண்டு தாளையும் மூடி வச்சுட்டாவ. மரபணுச் சோதனை செஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். செய்யலை. என்னை நம்பிட்டாவ.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. அந்த ஒரு சோத்தை மாத்தி வச்சது நானு. ஒன்பது பேர்ல நாலு பேருக்குத்தான் நோய், அது போக ஒருத்தரைக் கோட்டை விட்டுட்டுன்னு கணக்கு போச்சு. டெஸ்ட்டு தேறலைன்னு மேல உள்ளவங்க நிப்பாட்டிட்டாங்க. நெசத்துல ஒன்பதுல அஞ்சு மேடம், கோட்டை விட்டது ஒருத்தரும் இல்ல. டாக்டர் கடைசி நாளு இதே ரூம்ல நின்னு சொன்னாவ, "அந்த ரெண்டு பேரு மட்டும் நேரா வந்திருந்தா இன்னும் ரெண்டு வருசம் தந்திருப்பாங்கம்மா"ன்னு. நான் ஃப்ரீசரைத் தொடைச்சுக்கிட்டு நின்னேன்.

கிரஷர்காரங்க ஒரு முகமூடி வாங்கித் தந்திருந்தா இது எதுக்கு வருது? அவரு பீடியை விட்டிருக்கலாம்லா? டாக்டராவது மறுபடி ஒரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாம். எல்லார் பேர்லயும்தான் தப்பு இருக்கு. என் பேர்லயும் இருக்கு. சரி, என் பேர்லதான் கூட இருக்கு.

ரெஜிஸ்டர்ல இப்ப ஒத்தைக் கோடு அடிச்சு, மாத்தி எழுதி, கையெழுத்துப் போட்டுருக்கேன். இன்னைக்கித் தேதிதான் போட்டுருக்கேன், பழைய தேதி போடலை. ரெண்டு படிவத்தையும் பின்பக்கம் தடவிப் பாருங்க. என்ன நடவடிக்கை எடுப்பீங்களோ எடுத்துக்கிடுங்க. நாசரேத்துக்கு டாக்டருக்கும் லெட்டர் எழுதி வச்சிருக்கேன், நீங்க சரின்னா இன்னைக்கே தபால்ல போட்டுருவேன்.

அதை மட்டும் சொல்லணும்னா நாலு வார்த்தையில சொல்லியிருப்பேன். இவ்வளவு நேரம் எதுக்கு இழுத்தேன்னா, இன்னொண்ணு இருக்கு.

நீங்க வரும்போது வராந்தாவுல பதினொரு பேரு உக்காந்திருந்தாங்கல்லா, உங்க புது முகாமுக்கு? நடுவுல பச்சைச் சேலை கட்டி ஒரு அம்மா எல்லாருக்கும் தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்தாளே. அதான் முப்பிடாதி அக்கா. அவதான் கூட்டியாந்திருக்கா. அவரு போனதுல இருந்து எந்த முகாம் போட்டாலும் ஆள் கூட்டியாருவா. யாராவது வரமாட்டேன்னா அவங்க வீட்டு வாசல்ல உக்காந்திருவா. "மேடம் வீடு தேடி வந்து சொன்னாவ, நான் அவரை இழுத்துட்டுப் போகலை. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன். நீங்களும் போட்டுக்கிடாதீங்க"ன்னு சொல்லுவா. என் காது கேக்கச் சொல்லுவா.

ஒரே மகன், தூத்துக்குடியில உப்புக் கம்பெனியில இருக்கான். அப்பா செத்ததுல இருந்து அவகிட்டப் பேச்சு இல்ல. "அந்தம்மா அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொன்னப்ப நீ என்ன புடுங்கிக்கிட்டு இருந்தே?"ன்னு கேட்டுட்டுப் போனவன்தான். பேரப்பிள்ளை பொறந்து நாலு வயசாச்சு, இன்னும் மூஞ்சியைக் காட்டலை. ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்து அழுவா. நான் முதுகைத் தடவிக் குடுப்பேன். "விதிக்கா"ம்பேன். விதியாம்!

நான் அவளுக்கு நெறையச் செஞ்சிருக்கேன் மேடம். விதவைப் பணத்துக்கு மனு எழுதிக் குடுத்தேன், கண்ணு ஆபரேசனுக்குக் கூட நின்னேன். அவ கேக்காமலே செஞ்சேன். ஆனா அவ மகனைத் திருப்பிக் குடுக்கிற வார்த்தை என் வாயிலதான் இருந்துச்சு. அதை மட்டும் குடுக்கலை. குடுத்தா, அவ என்னைப் பாக்குத பார்வை போயிரும். இந்த உலகத்துல என்னை அப்படிப் பாக்குத ஆளு அவ ஒருத்திதான்.

நீங்க சொல்லிருங்களேன் மேடம். நீங்க படிச்சவங்க, பதமாச் சொல்லுவீங்க. ரெஜிஸ்டர்ல தப்பு நடந்துபோச்சு, யாரு செஞ்சதுன்னு தெரியலைன்னு ஒரு வார்த்தை...

இல்ல. வேண்டாம். நீங்க ஏன் தலையை ஆட்டுதீங்கன்னு தெரியுது. நானே சொல்லுதேன். நீங்க போயிராதீங்க, அந்த வாசல் பக்கம் நின்னுக்கிடுங்க. நீங்க போயிட்டா நான் பேச்சை மாத்திருவேன். எனக்கு என்னைத் தெரியும்.

எக்கா! முப்பிடாதி அக்கா! கொஞ்சம் உள்ள வாங்க. இல்ல, அவங்க இருக்கட்டும், நீங்க மட்டும் வாங்க.

இங்க உக்காருங்க. ஐயோ, கையை மடக்குங்கக்கா. ரத்தம் எடுக்கக் கூப்பிடலை. சேலையை இறக்கி விடுங்க. இவங்க சென்னை டாக்டரு, ஆமா, நல்லவங்கதான். எந்திக்க வேண்டாம், உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே சொல்லுதேன். எக்கா, அன்னைக்கி உங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சேம்லா. அப்பமே எனக்குத் தெரியும்க்கா. அண்ணாச்சி ரத்தத்துல சந்தேகம் இருந்துச்சு. நீங்க கேட்டிய, நான் இல்லைன்னு சொன்னேன்.